விஞ்ஞானியைப் பேட்டி எடுக்கப் போனால் முதலில் அவருடைய கொப்பியைக் கேளுங்கள்

பாடசாலை மலர்களில் வருகிற விஞ்ஞானி பேட்டிகளை வரிசையாக எடுத்து வாசித்துப் பாருங்கள். பிறந்த ஊர், படித்த பாடசாலை, எடுத்த பட்டம், வாங்கிய விருது, கடைசியில் "இளைய தலைமுறைக்கு நீங்கள் சொல்ல விரும்புவது என்ன?" என்று ஒரு கேள்வி. பெயரை மாற்றிப் போட்டால் யாருடைய பேட்டி என்றே தெரியாது. அந்த மனிதர் காலையில் வந்து முதலில் எதைத் தொடுகிறார், எந்தக் கேள்வி வருடக்கணக்காக அவரை விடாமல் பிடித்திருக்கிறது, எங்கே முட்டி நிற்கிறார், இது எதுவும் இருக்காது. பேசியவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் கேட்டதே அவ்வளவுதான். வாழ்க்கையைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்டால் சுயவிபரக் கோவையில் இருப்பதுதான் வாயில் வரும். வேலையைப் பற்றி நுணுக்கமாகக் கேட்டுக்கொண்டே போனால் வாழ்க்கை தானாகவே வந்து விழும். மலையகத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய நினைக்கிற உயர்தர மாணவர்களுக்கும் விஞ்ஞானக் கழகம் நடத்துகிற ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

யாரிடம் போவது

நம்ம பக்கம் விஞ்ஞானிகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அந்த நிறுவனம் தொடங்கியது 1925இல். பேராதனைக்குப் பல்கலைக்கழகம் வந்தது 1952இல், அங்கே கணிதம், பௌதிகவியல், தாவரவியல் என்று எல்லாத் துறையிலும் ஆட்கள் உண்டு. கன்னொருவையில் விவசாயத் திணைக்களத்து ஆய்வுகூடங்கள், ஹந்தானைப் பாதையில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகம். பூமியில் உயிர் எப்படித் தோன்றியிருக்கும் என்று ஆராய்ந்த சிரில் பொன்னம்பெரும அந்த நிறுவகத்துக்குத் தலைமை தாங்கியவர். ஹட்டனில் ரயில் ஏறினால் போய்ச் சேருகிற தூரம்தான் இதெல்லாம்.

பணிப்பாளர், பீடாதிபதி என்று உச்சியில் இருப்பவரைத்தான் எல்லோரும் தேடிப் போகிறோம். அவர்களுக்கு நேரமும் இருக்காது, பலர் ஆய்வை விட்டுக் கூட்டங்களுக்குள் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். ஒரு கேள்வியின் நடுவில் நிற்கிறவரைத் தேடுங்கள். கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்து முடிக்கப் போகிற ஒருவர், தோல்வியும் சந்தேகமும் இன்னும் ஆறாமல் இருக்கிறவர், உங்களுக்குக் கொடுக்கிற மணித்தியாலம் வேறு மாதிரி இருக்கும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: வயதானவர்கள். அவர்களை அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போடவே கூடாது. குவாண்டம் பௌதிகத்தை உருவாக்கியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய 1960களின் தொடக்கத்தில் விஞ்ஞான வரலாற்றாளர் தோமஸ் கூனும் கூட இருந்தவர்களும் வேலை செய்தார்கள். அந்த உருவாக்கியவர்களில் ஒருவரான நீல்ஸ் போரோடு கோப்பன்ஹேகனில் அடுத்தடுத்து உட்கார்ந்து பேசினார்கள். கடைசியாகப் பேசியது 1962 நவம்பர் 17. நீல்ஸ் போர் மறுநாள் இறந்துபோனார். கேட்க வைத்திருந்த மிச்சக் கேள்விகளுக்கு இனி யாரும் பதில் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கண்டியிலோ பதுளையிலோ இருக்கிறார் என்று தெரிந்தால் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.

போவதற்கு முன்

அவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையையாவது வாசிக்க வேண்டும். முழுவதும் விளங்க வேண்டியதில்லை, எனக்கும் விளங்குவதில்லை. சுருக்கம், முன்னுரை, முடிவுரை, அப்புறம் ஒரேயொரு வரைபடம். அந்த வரைபடத்தில் கிடையாக என்ன, செங்குத்தாக என்ன, ஒரு புள்ளி என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளும் வரை அதை விடாதீர்கள். விளங்காத வசனம் ஒன்றை அப்படியே எழுதி வையுங்கள். உங்களுடைய நல்ல கேள்விகளில் ஒன்று அதிலிருந்துதான் வரும்.

தேயிலை சம்பந்தமான ஆள் என்றால் நமக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது, கொழும்பிலிருந்து வருகிற நிருபருக்கு அது கிடையாது. தேயிலை இலையில் வருகிற கொப்புள நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலங்கைக்கு வந்தது 1946இல். உங்கள் வீட்டில் கொழுந்து எடுக்கிற அம்மாவோ அத்தையோ இருந்தால் முதலில் அவர்களிடம் உட்காருங்கள். எந்த மாதம் கொப்புளம் கூடுகிறது, எந்த மலையில் முதலில் வருகிறது, கவ்வாத்து வெட்டின மலையில் வந்தால் என்ன ஆகிறது, மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் கொழுந்துக்குப் போகிறார்கள். மழையும் பனியும் விடாமல் பிடிக்கிற காலத்தில்தான் இது பெருகும் என்று புத்தகமும் சொல்கிறது, அத்தையும் சொல்வார். ஆனால் அத்தை சொல்கிற ஏதோ ஒன்று புத்தகத்தில் இருக்காது. அதை அப்படியே கொண்டுபோய் ஆய்வாளர் முன்னால் வையுங்கள். "எங்கள் தோட்டத்தில் இப்படிச் சொல்கிறார்கள், நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு உட்காருவார். அதற்கு மேல் பேட்டி எடுக்க வந்த பிள்ளை என்ற நினைப்பு அவருக்கு இருக்காது.

நல்ல பேட்டிகளையும் வாசியுங்கள். அமெரிக்க பௌதிகவியல் நிறுவகம் பல பௌதிகவியலாளர்களின் வாய்மொழி வரலாற்றை எழுத்தில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதில் சுப்பிரமணியன் சந்திரசேகரோடு ஸ்பென்சர் வியர்ட் 1977இல் பேசியது இருக்கிறது. சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தது 1983இல்தான், ஆகவே அது நோபலுக்கு முந்திய பேச்சு. தான் இளம் வயதில் கண்ட முடிவை வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னாலும் மறுத்ததைப் பற்றிச் சந்திரசேகர் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார் என்று பாருங்கள். கணிதத்துக்கு ஏபல் பரிசு பெறுகிறவர்களோடு 2003இலிருந்து மார்ட்டின் ரவுசன், கிறிஸ்டியன் ஸ்கவ் போன்றவர்கள் எடுத்த நேர்காணல்கள் உண்டு. கேட்கிற இருவருமே கணிதர்கள். 2007இல் பரிசு பெற்ற சென்னைக்காரர் வரதனிடம் பேசும்போது, பாடசாலை ஆசிரியர் ஒருவர் வார இறுதியில் நல்ல மாணவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கணக்குக் கொடுப்பார், அதைப் பரீட்சையாக நினைக்காமல் விளையாட்டாகச் செய்தோம் என்று வருகிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு ஆசிரியர் இருந்திருப்பார், ஆகவே எல்லோரிடமும் இதைக் கேட்கலாம்: கணக்கு உங்களுக்கு எப்போது விளையாட்டாக மாறியது, யார் வீட்டில்?

கடிதம்

சுருக்கமாக எழுதுங்கள். "பெருமதிப்பிற்குரிய" என்று தொடங்கி அரைப் பக்கம் புகழ வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் கலாநிதி அவர்களே. நாங்கள் ஹட்டன் பகுதிப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞானக் கழகம். தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தோம். வண்டு தான் குடைந்த சுரங்கத்துக்குள்ளேயே பங்கசு வளர்த்துச் சாப்பிடுகிறது என்று இருக்கிறது. அந்தப் பங்கசை அது புதுக் கிளைக்கு எப்படிக் கொண்டுபோகிறது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. உங்களைச் சந்தித்து முக்கால் மணி நேரம் பேச முடியுமா? இரண்டு பேர் வருவோம். குரலைப் பதிவு செய்ய உங்கள் அனுமதி வேண்டும். எழுதி முடித்ததும் பிழை பார்க்க உங்களுக்கு அனுப்புவோம்."

இவ்வளவுதான். வாசித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள். எந்த மொழியில் பேசப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிங்களமோ ஆங்கிலமோ நன்றாக வருகிற நண்பர் ஒருவரைக் கூட்டிப் போவதில் எந்தக் குறையும் இல்லை. அவரவருக்குச் சரளமான மொழியில் பேசவிட்டு நீங்கள் தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

என்ன கேட்பது

"உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் விரிவுரை வரும். "நேற்று காலையில் வந்து முதலில் என்ன செய்தீர்கள் சேர்?" என்று தொடங்குங்கள். நுணுக்குக்காட்டியைத் துடைத்தேன், மாணவனுடைய தரவில் ஒரு எண் சரியில்லை, அதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று ஏதாவது சொல்வார். அந்த எண் ஏன் சரியில்லை என்று தெரிந்தது? அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகலாம்.

அப்புறம், வேலை செய்கிற கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனை சார்ள்ஸ் வைனர் பேட்டி எடுத்தபோது, அவருடைய குறிப்புத் தாள்களை அன்றாட வேலையின் பதிவு என்று வைனர் சொல்லப்போக, ஃபைன்மன் விடவில்லை. இது பதிவு இல்லை, வேலையையே இந்தத் தாளில்தான் செய்தேன் என்றார். தலைக்குள் முடித்துவிட்டுத் தாளில் குறித்து வைப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவருக்குத் தாளில்லாமல் வேலையே இல்லை. கொப்பியைத் திறந்தால் வெட்டிய கோடுகள், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, ஈரம் பட்ட பக்கம், வேறு ஒருவருடைய கையெழுத்து எல்லாம் தெரியும். ஒவ்வொன்றையும் விரலால் காட்டிக் கேளுங்கள். "இதை ஏன் வெட்டினீர்கள்?" என்ற கேள்விக்கு வருகிற பதிலில் ஒரு வருட உழைப்பு இருக்கும்.

ராமானுஜனின் 1729 கதை எல்லோருக்கும் தெரியும். அவரைப் பார்க்கக் கணிதர் ஹார்டி வந்த டாக்சியின் எண், படுக்கையில் கிடந்தவர் உடனே சொன்ன பதில்: இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண். 1இன் கனமும் 12இன் கனமும், அல்லது 9இன் கனமும் 10இன் கனமும். மின்னல் வெட்டின மாதிரி வந்த ஞானம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அவர் கைப்பட எழுதிய தாள்களில் இதே 9, 10, 12 உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு கனங்களைக் கூட்டினால் இன்னொரு கனத்துக்கு ஒன்று கூடியோ குறைந்தோ வருகிற எண்களைத் தொடர் தொடராக உருவாக்கும் வழியை அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த எண் அவருக்குப் பழகிய எண். பலமுறை சொல்லிப் பழகிய கதை ஒன்றை உங்கள் விஞ்ஞானி சொன்னால் ரசித்துக் கேளுங்கள், முடிந்ததும் "அதற்கு முந்தின மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள்.

மலையகத்திலிருந்து போகிறவர் கேட்காமல் வரக்கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது: கூட யார் வேலை செய்தார்கள்? 1869இல் இலங்கைக் கோப்பியில் துரு நோய் தெரிந்தது. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் அதை ஆராய இங்கே வந்தார், இரண்டு வருடம் இருந்தார். அந்த நோயை உண்டாக்குகிற பங்கசின் வாழ்க்கை வட்டத்தைத் தேடிப் பிடித்தார், கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து அதில் ஒட்டுகிற வித்திகளைப் பார்த்தார். தாவர நோய் பற்றிய பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது. எந்தத் தோட்டத்தில், எந்த உயரத்தில் வைத்தார், நோய் பிடித்த இலையை யார் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள், எந்த மரத்தில் முதலில் மஞ்சள் விழுந்தது என்று அவருக்கு யார் காட்டினார்கள்? அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் நம்முடைய முன்னோர்கள். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை, வார்டிடமும் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கலாம். தேயிலை ஆய்வில் ஒரு பாத்திக்கு ஒரு உரம், இன்னொரு பாத்திக்கு வேறு உரம் என்று வைத்து விளைச்சலை ஒப்பிடுவார்கள். அந்த விளைச்சல் எண் எங்கிருந்து வருகிறது? ஒரு அக்கா அந்தப் பாத்திக் கொழுந்தைத் தனியாக எடுத்து, பக்கத்துப் பாத்தியோடு கலக்காமல் கொண்டுவந்து, நிறுத்துக் கொடுத்ததிலிருந்து வருகிறது. விதையில்லாமல் கிளைத் துண்டிலிருந்து வளர்க்கிற வீபி தேயிலையில் டீஆர்ஐ 2025 என்று ஒரு இனத்துக்கு எண் கொடுப்பதற்கு முன் தவறணையில் நாற்று வைத்தவர், தண்ணீர் ஊற்றியவர், வருடக்கணக்கில் எடை எழுதியவர் என்று எத்தனை கை. ஆய்வாளரிடம் பெயரோடு கேளுங்கள். நல்ல விஞ்ஞானிகள் சந்தோஷமாகச் சொல்வார்கள், சிலர் உடனே எழுந்து "வாங்க, காட்டுகிறேன்" என்று மலைக்கே கூட்டிப் போவார்கள். போனால் அந்த அக்காவிடமும் பேசுங்கள். எந்தப் பாத்தி நன்றாக வருகிறது என்று தராசுக்கு முன்பே கையால் தெரிந்தவர் அவர். அவர் விரும்பினால் மட்டும் பெயரைப் போடுங்கள்.

கணிதரிடம் போனால்

இங்கே காட்டுவதற்கு ஆய்வுகூடம் இல்லை என்று பயப்படுகிறோம். வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுபோங்கள், அதுதான் ஆய்வுகூடம். "உங்கள் தேற்றத்தை ஆகச் சின்ன எண்ணுக்குச் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். 2க்கு, 3க்கு என்ன ஆகிறது, எங்கே முதல் தடவை சிக்கலாகிறது. சாதாரண தரக் கணிதம் தெரிந்தவருக்கே அதில் பாதி விளங்கும். பெரிய முடிவை விளக்கச் சொன்னால் வார்த்தைகள் பறந்துவிடும், சின்ன உதாரணத்தில் அவர் கை எப்படி ஓடுகிறது என்பதே உங்கள் கட்டுரைக்குப் போதும்.

கணிதத்தின் பெரிய விருதுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண் மரியம் மிர்சாக்கானி, 2014இல் பெற்றார். பெரிய பெரிய தாள்களைத் தரையில் விரித்து ஒரே மாதிரி உருவங்களைத் திரும்பத் திரும்ப வரைவாராம், அவருடைய சின்ன மகள் அம்மா ஓவியம் வரைகிறார் என்றே நினைத்தாளாம். தான் மெதுவாக யோசிக்கிற ஆள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். வேகமாகக் கணக்குப் போடுகிறவன்தான் கெட்டிக்காரன் என்று வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆகவே வேகத்தைப் பற்றி அல்ல, முட்டி நிற்பதைப் பற்றிக் கேளுங்கள். முட்டி நின்றால் எழுந்து நடப்பீர்களா, வேறு கணக்குக்குப் போவீர்களா, யாரிடமாவது சொல்வீர்களா, வீட்டில் எப்படித் தெரியும்?

பதில் உடனே வராவிட்டால் காத்திருங்கள். ஆன்ட்ரூ வைல்ஸ் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் ஏழு வருடம் கிட்டத்தட்டத் தனியாக உழைத்து, 1993இல் நிரூபித்துவிட்டேன் என்று அறிவித்து, பிறகு அதில் ஓட்டை இருப்பது தெரிந்து, 1994 செப்டம்பரில் ஒரு காலையில் அதைச் சரிசெய்தார். அந்தக் காலையைப் பற்றித் தொலைக்காட்சிக்குச் சொல்லும்போது அவரால் பேச முடியவில்லை, கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த இடத்தில் யாராவது அடுத்த கேள்விக்குத் தாவியிருந்தால் எல்லாம் போயிருக்கும். ஆகவே பேசுகிறவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நமக்குத்தான் அது சங்கடமாக இருக்கும், அவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

வீடு, குடும்பம், ஊர்

இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாதி ஏற்கெனவே வந்திருக்கும். பெண் விஞ்ஞானியிடம் மட்டும் "வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். கேட்பதென்றால் ஆண்களிடமும் கேளுங்கள், அவர்கள் பதில் தேடுவதையும் பதிவு செய்யுங்கள்.

தோட்டத்திலிருந்து படித்து வந்த ஒருவர் என்றால் எல்லோரும் அவரிடம் லயத்துக் கதையைத்தான் கேட்பார்கள். அவருக்கு அது அலுத்திருக்கும், வலித்துமிருக்கும். 1948 குடியுரிமைச் சட்டத்தையும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் அதில் பிரிந்துபோன குடும்பங்களையும் நீங்கள் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும், அதை அவர் உங்களுக்குப் பாடமாக எடுக்கும்படி விடக்கூடாது. விளக்கு வெளிச்சத்தில் படித்தேன் என்று அவராகச் சொன்னால் தொடருங்கள். சொல்லாவிட்டால் அவருடைய சமன்பாட்டையே பேசுங்கள், அவரை விஞ்ஞானியாக நடத்துவதுதான் முதல் மரியாதை.

பதிவும் எழுத்தும்

காலையில் போங்கள். நம்ம பக்கம் பின்னேரம் மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒரு சொல்லும் பதிவாகாது, ஒக்டோபர், நவம்பரில் இடியும் சேர்ந்துகொள்ளும். போனை மேசையில் அப்படியே வைத்தால் மேசையில் படுகிற ஒவ்வொரு தட்டும் வெடி மாதிரி கேட்கும், கீழே ஒரு மடித்த கைக்குட்டையைப் போடுங்கள். விமானப் பயன்முறையில் போடுங்கள். இரண்டாவது போனிலும் பதிவு ஓடட்டும். பதிவு தொடங்கியதும் திகதி, இடம், பேசுகிறவர் பெயர், அனுமதி நான்கையும் குரலில் சொல்ல வையுங்கள்.

எழுதும்போது "ம்ம்", "அதாவது" போன்றவற்றைக் குறைக்கலாம். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. ஏக்கரா ஹெக்டயரா, கிலோ பச்சைக் கொழுந்தா தயாரித்த தேயிலையா என்று ஒவ்வொரு எண்ணையும் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்துங்கள், பச்சைக் கொழுந்தும் தூளும் மாறிப்போனால் கட்டுரையே பிழையாகிவிடும். வாக்களித்தபடி எழுதியதை அவருக்கு அனுப்புங்கள். தகவல் பிழையை அவர் திருத்தினால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். சொந்த விஷயம் ஒன்றை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். "எனக்குத் தெரியவில்லை" என்று சொன்ன இடத்தை அழகாக மாற்றித் தந்தால் மட்டும் மரியாதையாகப் பேசிப் பாருங்கள், அந்த வரிதான் மாணவர்களுக்கு மிகவும் தேவை.

குரல் பதிவை அழிக்க வேண்டாம். பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி, பேசியவருக்கு ஒரு பிரதி, உங்களிடம் ஒன்று. எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்காமல் விட்ட கேள்விகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கும். அவற்றை ஒரு தாளில் சேர்த்து, நன்றிக் கடிதத்தோடு அனுப்பி, இன்னொரு தடவை வரலாமா என்று கேளுங்கள்.